பழைய செஸ்னா 172 வாங்குவது, வைத்திருப்பது, ஓட்டுவது: கேள்வி பதில்

1956 முதல் 1986 வரை தயாரான செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானங்களைப் பற்றியது இந்தக் கேள்வி பதில். கேட்டவர்கள் அமெரிக்காவில் தனியார் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், அல்லது அதற்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். எனவே சட்ட விவரங்கள் எல்லாம் அந்நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளின்படி.

கேள்வி: சார், பட்ஜெட் குறைவு. எந்த வருட 172 வாங்கலாம்?

வருடத்தைவிட அதிலிருக்கும் எஞ்சினைப் பாருங்கள். 1967 மாடல் வரை கான்டினென்டல் ஓ-300. ஆறு சிலிண்டர், 145 குதிரைத்திறன். அதிர்வு குறைவு, ஆனால் ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது, என்று வரும்போது நான்குக்குப் பதில் ஆறு சிலிண்டருக்குச் செலவு செய்யவேண்டும். கார்புரேட்டரில் பனி பிடிப்பதும் இதில் அதிகம்.

1968 முதல் 1976 வரை லைகமிங் ஓ-320-இ2டி, 150 குதிரைத்திறன். என் தேர்வு இதுதான். கம்ப்ரஷன் குறைவு, 80 ஆக்டேனுக்கு வடிவமைத்த எஞ்சின், தெரியாத மெக்கானிக் கிடையாது. அதிலும் 1973-76 காலத்து 172எம் மாடலில் இறக்கையின் முன்விளிம்பு சற்று கீழ்நோக்கி வளைந்திருக்கும். குறைந்த வேகத்தில் நன்றாக அடங்கி நடக்கும்.

1977 முதல் 1980 வரை ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைத்திறன். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் உரிந்துபோகும் குறை இதில் இருந்தது. லைகமிங் எல்.டபிள்யூ-16702 என்ற சேர்க்கைப் பொருள் ஆயிலில் கட்டாயம். ஏரோஷெல் டபிள்யூ100 பிளஸ், 15டபிள்யூ-50 இரண்டிலும் அது கலந்தே வருகிறது. பிளக்குக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே கூட்டில், ஒரே டிரைவில் ஓடுவது இதன் இன்னொரு பலவீனம். அதற்காக ஒதுக்கவேண்டியதில்லை. தொடர்ந்து பறந்த எச்2ஏடி நன்றாகவே உழைக்கும். மூடிக்கிடந்த எச்2ஏடியை மட்டும் தொடாதீர்கள். 1981 முதல் வந்த ஓ-320-டி2ஜே நல்ல எஞ்சின், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

கேள்வி: ஒரு 1974 மாடல் பார்த்திருக்கிறேன் அண்ணா. ஓவர்ஹாலுக்குப் பிறகு 400 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஆனால் ஓவர்ஹால் நடந்தது 1998இல். எஞ்சின் கிட்டத்தட்டப் புதுசுதானே?

இல்லை தம்பி. வருடத்துக்குச் சராசரியாக 15 மணி நேரம்கூட ஓடாத எஞ்சின் அது. லைகமிங் இந்த எஞ்சினுக்குச் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. தனியார் உபயோகத்தில் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அந்த 12 வருடத்துக்குக் காரணம் இருக்கிறது.

லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது தெறிக்கும் ஆயில்தான் அதற்கு மசகு. நிறுத்தி வைத்தால் சில வாரங்களில் ஆயில் வடிந்து கீழே போய்விடும். உள்ளே தங்கிய ஈரம் கேம் மேட்டிலும் டேப்பெட் முகத்திலும் துருப்புள்ளி வைக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் அந்தப் புள்ளிகள் உரிய ஆரம்பிக்கும், இரும்புத் துகள் ஆயில் ஃபில்டருக்குப் போகும். டேப்பெட்டைக் கழற்ற கிராங்க்கேஸையே பிரிக்கவேண்டும், அதாவது முழு ஓவர்ஹால் செலவு. கான்டினென்டலில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

வாங்குமுன் இவற்றைச் செய்யுங்கள். விற்பவரிடம் வேலை செய்யாத மெக்கானிக் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போர்ஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பார்க்கட்டும். வால்வு முகத்தில் நிறம் வட்டமாக, சீராக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் பச்சை அல்லது இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தில் வால்வு கருகுகிறது. கம்ப்ரஷன் எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கேம் உரிந்துபோன எஞ்சினும் 76/80 (ஏற்றிய 80 அழுத்தத்தில் 76 நிற்பது) காட்டும், ஏனென்றால் அந்தச் சோதனை ரிங்கையும் வால்வையும்தான் அளக்கிறது. விற்பவர் ஒப்புக்கொண்டால் ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமை நேரில் பார்ப்பது மிக நல்லது.

பிறகு காகிதங்கள். லாக் புக் முதல் பக்கத்திலிருந்து இருக்கிறதா? ஒவ்வொரு ஏ.டி.யும், அதாவது எஃப்.ஏ.ஏ. கட்டாயமாக்கிய பழுதுநீக்க உத்தரவும், எந்தத் தேதியில், எந்த முறையில் முடிக்கப்பட்டது என்று தனிப் பட்டியல் இருக்கிறதா? பெரிய ரிப்பேர்களுக்கு ஃபார்ம் 337 இருக்கவேண்டும். இறக்கை மாற்றிய தடம் இருந்தும் 337 இல்லையென்றால் விலகிவிடுங்கள். விமானத்தின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஓக்லஹோமா சிட்டி பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: சீட் பின்னால் வழுக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டேக் ஆஃபில் மூக்கு தூக்கும் நேரம் சீட்டைத் தண்டவாளத்தில் பூட்டும் ஊசி தன் துளையிலிருந்து விடுபட்டால், பைலட் கையிலிருக்கும் யோக் என்ற கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் இழுத்துக்கொண்டே பின்னால் போவார். விமானம் செங்குத்தாக ஏறி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். இதற்காகவே ஏ.டி. 2011-10-09 இருக்கிறது: தண்டவாளத் துளை, ஊசி, உருளை எல்லாவற்றையும் வருடாந்திர சோதனையில் அளந்து பார்க்கவேண்டும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் தண்டவாளத்தை மாற்றவேண்டும். நீங்கள் செய்யவேண்டியது, சீட்டைப் பூட்டிய பிறகு கால்களை ஊன்றி முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும்.

கேள்வி: வாங்கியாயிற்று. கையில் கொஞ்சம் பணம் மிச்சம். கிளாஸ் காக்பிட் (டிஜிட்டல் திரைகள்) போடலாமா?

முதலில் தோள்பட்டை பெல்ட். 1978 ஜூலை 18க்கு முன் தயாரான விமானங்களுக்கு அது கட்டாயம் இல்லை என்பதால், பல பழைய 172களில் இன்னும் இடுப்பு பெல்ட் மட்டும்தான். வயலில் அவசரமாக இறங்கும்போது உயிர் போவது பெரும்பாலும் தலை பேனலில் மோதித்தான். பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் சாமான் அந்த விமானத்தில் வேறில்லை.

இரண்டாவது, டிஜிட்டல் கார்பன் மோனாக்சைடு கருவி. கேபின் ஹீட்டர் காற்று சைலன்சரைச் சுற்றித்தான் வருகிறது. சைலன்சரில் விரிசல் விட்டால் வாயு நேரே உங்கள் மூக்குக்கு. நிறம் மாறும் அட்டையை நம்பாதீர்கள். அது பழசானால் வேலை செய்யாது, நீங்கள் பார்க்காவிட்டால் சத்தமும் போடாது. வருடாந்திர சோதனையில் ஹீட்டர் உறையைக் கழற்றி, எக்ஸாஸ்டுக்குள் காற்றை ஊதி, மேலே சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது, விமானத்தின் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி அவுட், ஏற்கெனவே இல்லையென்றால். 2020 ஜனவரி 1 முதல் பரபரப்பான நிலையங்களுக்கான கிளாஸ் பி, கிளாஸ் சி வான்வெளியிலும், பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள்ளும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும் அது வேண்டும். உள்நாட்டில் மட்டும் பறப்பவருக்கு வால் விளக்கின் இடத்தில் மாட்டும் டெயில்பீக்கன் போதும்.

அதற்கப்புறம் கிளாஸ். மேகத்துக்குள் பறப்பவர் என்றால் இது ஆடம்பரம் இல்லை. பழைய கைரோ மானிகளைச் சுழற்றும் உலர் வேக்யூம் பம்புக்குள் கார்பன் தகடுகள் இருக்கின்றன. அது முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். உடைந்த பின் விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் சட்டென்று விழாது, மெல்லச் சாயும். நீங்களும் அதோடு சேர்ந்து விமானத்தைச் சாய்ப்பீர்கள். பேட்டரி பேக்கப் உள்ள கார்மின் ஜி5 டிஜிட்டல் மானி இரண்டு போட்டு வேக்யூம் அமைப்பையே எடுத்துவிடுபவர்கள் உண்டு. அதுவரை வேக்யூம் மீட்டரை (பச்சைப் பகுதி 4.6 முதல் 5.4 அங்குலம்) உங்கள் பார்வைச் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றுவதை நானே செய்யலாமா? எப்படி?

தாராளமாக. பைலட் லைசென்ஸ் உள்ள உரிமையாளர் செய்யக்கூடிய வேலைகள் பட்டியலில் அது இருக்கிறது. ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரம், சல்லடை மட்டும் உள்ளதற்கு 25 மணி நேரம், எப்படியிருந்தாலும் 4 மாதத்துக்கு ஒரு முறை.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். சாவியை வெளியே எடுங்கள், புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலும் என்று நினைத்தே அருகில் நில்லுங்கள். ஆயிலை வடியவிட்டு, ஃபில்டரின் சேஃப்டி வயரை வெட்டிக் கழற்றுங்கள். சம்ப் என்ற ஆயில் தொட்டியில் உள்ள உறிஞ்சு சல்லடையையும் எடுத்துப் பாருங்கள். உடைந்த பிஸ்டன் பின் பிளக் துண்டு போன்ற பெரிய சங்கதி அங்கேதான் சிக்கும். அதைத் திரும்பப் போடும்போது புது நசுங்கு வாஷர் போடவேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் டி.சி-4 கிரீஸ் மெல்லத் தடவி, ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும் டார்க்குக்கு முறுக்குங்கள். 0.032 அங்குல சேஃப்டி வயரை, ஃபில்டரை இறுக்கும் திசையில் இழுக்கும்படி கட்டுங்கள்.

172எம் சம்ப் 8 குவார்ட் கொள்ளும், ஆனால் நிரப்பினால் மேலே உள்ளதை பிரீதர் குழாய் வழியாக விமானத்தின் வயிற்றில் துப்பிவிடும். 7 வைத்தால் போதும். 6க்குக் கீழே பறக்கக்கூடாது. ஸ்டார்ட் செய்து 30 விநாடிக்குள் ஆயில் பிரஷர் வரவேண்டும். நிறுத்தி, கசிவு பாருங்கள்.

வேலை அதோடு முடியவில்லை. பழைய ஃபில்டரை அதற்கான கட்டரால் வெட்டுங்கள். ரம்பம் வேண்டாம், ரம்பத்தூளே உங்களைக் குழப்பும். மடிப்புத் தாளை அறுத்தெடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுங்கும் துகள் மேல் காந்தம் வையுங்கள்: ஒட்டினால் இரும்பு, கேம் அல்லது டேப்பெட் மேல் சந்தேகம். ஒட்டாத வெள்ளித் துகள் அலுமினியம், பிஸ்டன் பக்கம் யோசியுங்கள். கடினமான கருப்புத் துணுக்கு கார்பன், பெரும்பாலும் பயமில்லை. லாக் புக்கில் தேதி, செய்த வேலை, கையெழுத்து, லைசென்ஸ் வகை, எண் எல்லாம் எழுதவேண்டும்.

கேள்வி: மேக்னெட்டோ சோதனையில் 200 ஆர்.பி.எம். விழுகிறது, எஞ்சின் உதறுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டுமா?

முதலில் பிளக்கில் ஈயம் படிந்திருக்கிறதா என்று பார்ப்போம். 100 எல்.எல். பெட்ரோலில் ஈயம் உண்டு. தரையில் ரிச் மிக்ஸ்சரில் (பெட்ரோல் அதிகமான கலவை) ஓடினால் கீழ் பிளக்குகளில் உருண்டையாகத் தங்கும். 2000 ஆர்.பி.எம்.மில் வைத்து, எஞ்சின் வழுவழுப்பாக ஓடும் அளவுக்கு லீன் செய்து (கலவையில் பெட்ரோலைக் குறைத்து), அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். மீண்டும் ரிச் செய்து 1700இல் சோதியுங்கள். 125க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. சரியாகவில்லையென்றால் பறக்காதீர்கள்.

கொஞ்சமும் விழவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். மேக்னெட்டோவை அணைக்கும் பி-லீட் கம்பி அறுந்து, சாவியை அணைத்தும் அந்த மேக்னெட்டோ உயிரோடு இருக்கலாம். புரொப்பெல்லரைக் கையால் தள்ளுபவரின் உயிர் அதில் இருக்கிறது. டாக்சி செய்யும்போது எப்போதும் பலமாக லீன் செய்யுங்கள், த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் திணறும் அளவுக்கு. அரைகுறையாக லீன் செய்தால்தான் மறந்துபோய் அப்படியே டேக் ஆஃப் போகும் ஆபத்து.

கேள்வி: வெளியே 15 டிகிரி செல்சியஸ். இதில் போய் கார்புரேட்டரில் பனி பிடிக்குமா?

அதுதான் அதற்குப் பிடித்த வெப்பநிலையே. கார்புரேட்டரின் குறுகிய பகுதியான வென்ச்சுரியில் காற்றழுத்தம் குறைவதும் பெட்ரோல் ஆவியாவதும் சேர்ந்து உள்ளே 30 டிகிரிக்கும் மேல் குளிரவைக்கும். ஈரப்பதமான நாளில் -7 முதல் 21 டிகிரி வரை கவனமாக இருங்கள். 172இல் முதல் அறிகுறி காரணமில்லாமல் ஆர்.பி.எம். குறைவது. கை தானாகவே த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளும், அங்கேதான் ஏமாறுகிறோம். கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் கார்ப் ஹீட்டை முழுவதும் இழுங்கள். எஞ்சின் இன்னும் மோசமாக உதறும், உருகிய தண்ணீரை விழுங்குகிறது. பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். சிறிது நேரத்தில் ஆர்.பி.எம். ஏறும்.

கேள்வி: டென்வர் பக்கம் சென்டெனியலிலிருந்து நான்கு பேர் போகலாமா? கோடைக்காலம்.

வேண்டாம். அந்த நிலையம் 5,885 அடி உயரத்தில். அங்கே இயல்பு வெப்பநிலை சுமார் 3 டிகிரி. மதியம் 32 டிகிரி என்றால் 29 டிகிரி அதிகம்; டிகிரிக்கு 120 அடி வீதம் சுமார் 3,500 அடி கூட்டினால் விமானத்துக்குச் சுமார் 9,400 அடியில் இருப்பதுபோல. 150 குதிரைத்திறன் 110க்கு அருகில் நிற்கும், இறக்கைக்கும் காற்று மெல்லியது. காலை ஆறு மணிக்கு, இருவர், பாதி பெட்ரோல் என்று திட்டமிடுங்கள். டேக் ஆஃபுக்கு முன் முழு த்ராட்டிலில் அதிக ஆர்.பி.எம். கிடைக்கும்வரை லீன் செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சி எடுத்தது புது 172எஸ். வாங்கியது 1972 மாடல். என்ன வித்தியாசம் கவனிக்கவேண்டும்?

வேகமானி மணிக்கு மைலில் இருக்கும், நாட்டில் (மணிக்குக் கடல் மைல்) இல்லை. எஞ்சின் நின்றால் விமானத்தின் கையேடு சொல்லும் சறுக்கு வேகம் 80 மைல். பழக்கத்தில் 68ஐப் பிடித்தால் அது 59 நாட்தான். இறக்கையின் பின்விளிம்பு ஃபிளாப் 40 டிகிரி வரை இறங்கும். அந்த நிலையில் முழு த்ராட்டில் கொடுத்தாலும் ஏறத் திணறும். கோ-அரவுண்டில் (இறங்காமல் மீண்டும் ஏறும்போது) த்ராட்டில், கார்ப் ஹீட் உள்ளே, உடனே ஃபிளாப் 20க்கு.

கேள்வி: பெட்ரோல் மீட்டரை நம்பலாமா?

கூடாது. அளவுகோல் குச்சியை விட்டுப் பாருங்கள். 42 கேலனில் 38தான் பறக்கும்போது பயன்படும். மணிக்கு 8 முதல் 9 கேலன் என்று கணக்கு வைத்து, பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் என்ற சட்ட மிச்சத்தை விடக் கூடுதலாக, ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடது இறக்கைக்கு அடியில் உள்ள வென்ட் குழாயைத் தினமும் பாருங்கள். மண்குளவி கூடு கட்டினால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும். மழைக்குப் பிறகு மூடியின் ரப்பர் வழியே தண்ணீர் இறங்கியிருக்கும். தண்ணீர் போய் நீல நிறம் மட்டும் வரும்வரை வடியுங்கள். முழுக்க நிறமில்லாமல் இருந்தால் அது முழுக்கத் தண்ணீராகவே இருக்கலாம்.

கேள்வி: இரவில் ஆல்டர்னேட்டர் போனால்?

எஞ்சின் நிற்காது, மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் அதை அணைத்துவிட்டு ஒரு ரேடியோ தவிர மற்றதைக் குறையுங்கள். பேட்டரி சுமார் அரை மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத சிறு நிலையங்களில் ரன்வே விளக்கை ரேடியோ பட்டனை ஐந்து அல்லது ஏழு முறை அழுத்தித்தான் எரியவிடுகிறோம். பேட்டரி செத்தால் ரன்வேயும் இருட்டு. அதனால் சார்ஜ் ஏற்றிய கைரேடியோ ஒன்று, கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பின் சீட்டுப் பையில் அல்ல.