மஞ்சள் உடையும் ஒரு புல்லாங்குழலும்: கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்க இயக்குநர் டரான்டினோவின் ‘கில் பில்’ படம் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கல்யாண ஒத்திகையில் தன்னைச் சுட்டுப்போட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் தீர்த்துக்கட்டுகிற பெண்ணின் கதை, 2003-லும் 2004-லும் இரண்டு பாகமாக வந்தது. அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகள் இந்தப் பக்கத்தையே முழுங்கிவிட்டன. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கதாநாயகி உமா துர்மன் போடுகிற மஞ்சள் உடை புரூஸ் லீயுடையது என்று எங்கள் வீட்டு எல்.கே.ஜி.க்கே தெரியும். அதற்கு மேல் ஏதாவது உண்டா?
– வாசகர், சேலம்

அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் உடை ‘கேம் ஆஃப் டெத்’ படத்துக்காக லீ 1972-ல் போட்டது. படத்தை முடிக்காமலே 1973 ஜூலையில் செத்துப்போனார், மிச்சத்தை டூப் வைத்து ஒட்டி 1978-ல் வெளியிட்டார்கள். சரி, இது எல்.கே.ஜி. பாடம். அடுத்து, டோக்கியோவில் ரவுடிக் கும்பல் தலைவி ஓ-ரென்னின் (நாயகி தீர்த்துக்கட்டப் போகிறவர்களில் ஒருத்தி) கார் ஊர்வலம் போகும்போது ஒரு டிரம்பெட் இசை பறக்குமே, அது ‘கிரீன் ஹார்னெட்’ தொலைக்காட்சித் தொடரின் இசை. 1966-ல் அந்தத் தொடரில் கேட்டோ என்ற டிரைவராகக் கறுப்பு முகமூடி போட்டு வந்தவர் லீ. ஓ-ரென்னின் அடியாட்கள் மாட்டிக்கொண்டிருப்பது அதே முகமூடி.

இப்போது வில்லனைப் பாருங்கள். பில்லாக வரும் டேவிட் காரடைன் 1972-ல் ‘குங் ஃபூ’ தொடரில் ஷாவோலின் துறவியாக நடித்து அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனவர். அந்த வேடத்துக்கு லீயையும் யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று வெள்ளைக்காரருக்குக் கொடுத்தார்கள். அதோடு முடியவில்லை. லீ தனக்காக யோசித்து வைத்திருந்த ‘சைலன்ட் ஃப்ளூட்’ என்ற கதை அவர் போன பிறகு 1978-ல் படமானபோது, அதில் புல்லாங்குழல் வாசிக்கும் குருடராக நடித்ததும் இதே காரடைன். இரண்டாம் பாகத்தில் கல்யாண ஒத்திகை நடக்கும் அந்தத் தேவாலய வாசலில் பில் எதை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்? புல்லாங்குழல்! லீயின் உடையைப் போட்டுக்கொண்ட பெண், லீக்குக் கிடைக்காத வேடங்களில் நடித்த மனிதரைத் தேடிப்போகிறாள். இதை டரான்டினோ எங்கேயாவது விளக்கிச் சொன்னாரா என்று கேட்காதீர்கள், எனக்கு இப்படிப் பார்ப்பதுதான் பிடித்திருக்கிறது.

கதாநாயகியின் பெயரை முதல் பாகத்தில் ‘பீப்’ போட்டு மறைக்கிறார்களே, எதற்கு? எந்தக் காட்சியிலும் தெரியவே தெரியாதா?
– வாசகி, திண்டுக்கல்

தெரியும், அதிலும் முதல் காட்சியிலேயே. ரத்தம் வழியக் கிடப்பவளிடம் பில் “கிட்டோ” என்கிறான். ஆங்கிலத்தில் அது ‘குட்டி’ என்கிற மாதிரி ஒரு சொல், ஏதோ செல்லமாகக் கூப்பிடுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டாம் பாகம் வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் பெயரே பியாட்ரிக்ஸ் கிட்டோ! நம் ஊரில் கண்ணம்மா என்ற பெயருள்ள பெண்ணை ஒருவன் “கண்ணம்மா” என்று கூப்பிட, நாம் அதைக் கொஞ்சல் என்று எண்ணி ஒரு வருஷம் ஏமாந்த மாதிரி. ஒகினாவாவுக்குப் போகும் விமான டிக்கெட்டிலும் முழுப்பெயர் அச்சாகியிருக்கிறது, நிறுத்திப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும். எதற்கு மறைத்தார் என்றால், மறைத்தால்தானே நீங்கள் கடிதம் போடுவீர்கள்.

‘ஆளவந்தா’னைப் பார்த்துத்தான் கில் பில்லில் கார்ட்டூன் வைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா, நம்ம ஆட்கள் கிளப்பி விட்டதா?
– கமல் ரசிகர், மதுரை

கிளப்பி விட்டது என்று ஒதுக்க முடியாது. டரான்டினோவிடம் தான் கேட்டதாகவும், வன்முறையைக் கார்ட்டூனாகக் காட்டிய ஓர் இந்தியப் படம் பார்த்த ஞாபகம் இருப்பதாக அவர் சொன்னதாகவும் இயக்குநர் அனுராக் கஷ்யப் சொல்லியிருக்கிறார். ‘ஆளவந்தான்’ 2001, ‘கில் பில்’ 2003, கணக்கும் இடிக்கவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பெற்றோர் சாவதைப் பார்க்கும் சின்ன வயசு ஓ-ரென்னின் கார்ட்டூன் காட்சி அடிமுதல் நுனிவரை ஜப்பான் சரக்கு. வரைந்தது ‘கோஸ்ட் இன் த ஷெல்’ எடுத்த புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம். பொறி நம்முடையதாக இருக்கலாம், அடுப்பு அவர்களுடையது. மதுரையில் இதற்கு மேல் என்னை உதைக்க வராதீர்கள்.

அந்த வெள்ளைத் தாடி வாத்தியார் முதல் பாகத்திலும் வருகிறார் என்று என் தம்பி சத்தியம் செய்கிறான். நூறு ரூபாய் பந்தயம்.
– வாசகர், காரைக்குடி

கொடுத்துவிடுங்கள். முதல் பாகத்தில் மொட்டைத் தலையோடு அடியாட்களுக்குத் தலைவனாக வரும் ஜானி மோ, இரண்டாம் பாகத்தில் நாயகிக்குச் சண்டை சொல்லிக்கொடுக்கும் அந்த வெள்ளைத் தாடி வாத்தியார் பாய் மெய், இரண்டும் நடிகர் கோர்டன் லியூ. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனி எடுத்த குங் ஃபூ படங்களில் ஊறியவர்களுக்கு இதில் இன்னொரு சந்தோஷம் உண்டு. 1977-ல் பாய் மெய்யாக நடித்தவர் லோ லியே. 1980-ல் அதே அச்சில் இன்னொரு வெள்ளைத் தாடிக் கிழவனாகவும் அவரே வந்தார், அந்தக் கிழவனோடு மோதி அடி வாங்கி, திரும்பப் போய் அடி வாங்கி, கடைசியில் ஜெயித்த ஹீரோ கோர்டன் லியூ. எம்.ஜி.ஆர். வயசான காலத்தில் நம்பியார் வேஷம் கட்டினால் எப்படி இருக்கும், அதுதான் இது. அவர் தாடியைத் தட்டிவிடும் ஒவ்வொரு முறையும் நான் சிரித்துவிடுவேன்.

இத்தனை இடத்திலிருந்து எடுத்திருக்கிறாரே, இதற்கு நம்ம ஊரில் காப்பி என்று பெயர். நீங்கள் மட்டும் மரியாதை என்கிறீர்கள்.
– வாசகர், கோவை

திருடுகிறவன் திருடிய வீட்டு விலாசத்தை வாசலில் எழுதி வைப்பானா? பனித் தோட்டத்தில் ஓ-ரென் விழுந்ததும் ஒலிக்கும் ஜப்பானியப் பாட்டு, பழிவாங்கும் பெண்ணைப் பற்றிய ‘லேடி ஸ்னோபிளட்’ என்ற 1973 படத்தின் சொந்தப் பாட்டு, அதன் நாயகி மெய்கோ காஜியே பாடியது. எங்கிருந்து எடுத்தேன் என்று காதிலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம் பழைய எதிரியைப் பார்த்ததும் ‘கில் பில்’ நாயகிக்குக் கண் சிவந்து ஒரு சைரன் ஊளையிடுமே, அது 1972-ல் ‘கிங் பாக்ஸர்’ என்ற ஹாங்காங் படத்தில் வந்தது. அவர்கள் அதை ‘அயர்ன்சைட்’ என்ற அமெரிக்கத் தொடருக்கு குவின்சி ஜோன்ஸ் போட்ட இசையிலிருந்து உருவியிருந்தார்கள். அமெரிக்கச் சொத்து ஹாங்காங் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருக்கிறது, வழக்கை யார் மேல் போடுவீர்கள்?

ஆனால் ஒன்று, எல்லாவற்றிலும் குறியீடு தேட வேண்டாம். முதல் பாகத்தில் ஓ-ரென்னின் அடியாட்களோடு போடும் சண்டை நடுவில் படம் கறுப்பு வெள்ளையாக மாறுவதற்கு இரண்டு பக்கத் தத்துவ விளக்கம் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அமெரிக்கத் தணிக்கை அத்தனை ரத்தத்தைச் சிவப்பாக விடாது, அதுதான் முக்கியக் காரணம். ஜப்பானில் வெளியான பிரதியில் அந்தச் சண்டை கலரிலேயே ஓடியது.

ஓ-ரென்னின் ‘கிரேஸி 88’ அடியாள் கும்பலில் உண்மையில் எத்தனை பேர்? மூன்று முறை எண்ணினேன், 88 வரவில்லை.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

வராது. இரண்டாம் பாகத்தில் பில்லே சொல்கிறான், 88 பேரெல்லாம் கிடையாது, கேட்க நன்றாக இருக்கிறதென்று வைத்துக்கொண்ட பெயராம்.