பெரிய புரொப்பெல்லரா, டக்ட் விசிறியா?

கேள்வி: என் குவாட்காப்டர் (நான்கு புரொப்பெல்லர் டிரோன்) 1.6 கிலோ. 10 இஞ்ச் புரொப்பெல்லர்களில் 15 நிமிடம் பறக்கிறது. கல்யாண மண்டபத்துக்குள் வீடியோ எடுக்க வேண்டும். அவற்றைக் கழற்றிவிட்டு நான்கு 70 மி.மீ. ஈடிஎஃப் விசிறிகளை, அதாவது டக்ட் எனும் குழாய் உறைக்குள் சுழலும் மின்விசிறிகளைப் போட்டால் யாருக்கும் அடிபடாது, பறக்கும் நேரமும் கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம்.

திறந்த புரொப்பெல்லர் தள்ளும் காற்று கீழே போகப் போகச் சுருங்கி, விசிறி வட்டத்தின் பாதிப் பரப்புக்கு வந்துவிடும். சுருங்கும்போது வேகம் கூடும். அந்த வேகத்துக்குத்தான் பேட்டரி கரைகிறது. சுற்றிலும் டக்ட் இருந்தால் காற்று அப்படிச் சுருங்காது. டக்டின் மேல் விளிம்பு நல்ல வளைவாக இருந்தால், உள்ளே பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து டக்டையே மேலே இழுக்கும். அதே விட்டம், அதே எடை என்றால் அந்தரத்தில் நிற்க ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்த சக்தி போதும் என்கிறது கணக்கு.

ஆனால் உங்கள் விட்டம் அதே விட்டமாக இருக்கப்போவதில்லை. 10 இஞ்ச் என்பது 254 மி.மீ.; அதன் வட்டப் பரப்பு 70 மி.மீ. விசிறியினுடையதைப் போல 13 மடங்கு. பரப்பு குறையக் குறைய, அதே எடையைத் தூக்க அதிகச் சக்தி வேண்டும். டக்டின் லாபத்தை முழுசாகச் சேர்த்தாலும் இப்போது ஆவதைப் போல 2.6 மடங்கு ஆகும். உங்கள் 15 நிமிடம் 6 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். டக்டின் எடையையும், நடுவில் மோட்டார் அடைக்கும் இடத்தையும் இன்னும் நான் கழிக்கவே இல்லை.

இன்னொன்று, இந்த ஈடிஎஃப்கள் மாடல் ஜெட் விமானங்களுக்காகச் செய்யப்பட்டவை. குவாட்காப்டர் நிலையாக நிற்க மோட்டார் வேகம் நொடிக்குப் பலமுறை மாறியாக வேண்டும். இவை அந்த அளவு சட்டென்று பதில் தராது.

10 இஞ்ச் டக்ட் தரும் லாபத்தை, சுமார் 14 இஞ்ச் திறந்த புரொப்பெல்லர் டக்ட் எடை இல்லாமலே தந்துவிடும். இடம் இருந்தால் புரொப்பெல்லரைப் பெரிதாக்குங்கள். இடம் இல்லாதபோது, ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் டக்டுக்கு வேலை. டிஜேஐ 2022இல் கொண்டுவந்த இரண்டு டிரோன்களைப் பாருங்கள். வளையங்களுக்குள் சிறு புரொப்பெல்லர்கள் சுழலும் அவாட்டா 410 கிராம். அதன் பறக்கும் நேரம் 18 நிமிடம் என்று அறிவித்தார்கள். திறந்த புரொப்பெல்லர் கொண்ட மினி 3 ப்ரோ 249 கிராம், 34 நிமிடம். அதன் பேட்டரி சேமிக்கும் ஆற்றல் அவாட்டாவினுடையதில் பாதிதான். எடை வித்தியாசத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், பாதுகாப்புக்கு நாம் தரும் விலை இப்படித்தான் இருக்கும்.

மண்டபத்துக்கு அந்த விலையைத் தரலாம், தர வேண்டும். இப்போதைய குவாட்காப்டரை வெளிப்புறத்துக்கு வைத்துக்கொண்டு, 3 இஞ்ச் சினிவூப் (வளையங்களுக்குள் புரொப்பெல்லர் சுழலும் சிறு வீடியோ டிரோன்) ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அதைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாதுகாப்பு வேலி என்று மட்டும் நினையுங்கள்; தூக்குவிசையில் லாபம் எதிர்பார்க்காதீர்கள். லாபம் வேண்டுமானால் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடைவெளி விட்டத்தில் 1 சதவீதத்துக்குள், அதாவது முக்கால் மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஒருமுறை தூணில் இடித்தாலே வளையம் கோணி இறக்கை உரசும். நீங்களே முப்பரிமாண அச்சில் செய்வதானால் பிஎல்ஏ எனும் பிளாஸ்டிக் வேண்டாம், வெயிலில் நின்ற காருக்குள் வைத்தாலே வளைந்துவிடும்.

வளையம் பக்கவாட்டு மோதலைத்தான் தடுக்கும். மேலிருந்து விரல் போனால் வெட்டும். அப்புறம், தொங்கும் பூச்சரத்தையும் அலங்காரத் துணியையும் மேல்பக்கம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே மேடைப் பந்தலை ஒட்டிப் பறக்காதீர்கள், சீலிங் ஃபேன்களை நிறுத்தச் சொல்லுங்கள், ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஊர்வலத்தை எடுக்க அதையே வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். எதிர்க்காற்றில் வளையத்தின் முன்விளிம்பு அதிகமாகத் தூக்கி மூக்கை மேலே தள்ளும், அதைச் சமாளிப்பதிலேயே பேட்டரி தீர்ந்துவிடும்.