காலிகுலாவின் அம்மா

அன்புள்ள ஐயா,

1979இல் வெளிவந்த ‘காலிகுலா’ படத்தின் புதிய வடிவத்தைப் பார்த்தேன். சில காட்சிகளைத் தாங்க முடியவில்லை. இது கலையா, ஆபாசமா? தன் குதிரையையே கான்சல் என்ற உயர்ந்த பதவியில் அமர்த்திய ஒரு பைத்தியக்கார ரோமப் பேரரசனுக்கு மூன்று மணிநேரப் படம் எதற்கு? இவற்றைத் தடை செய்தால்தான் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

தடை வேண்டாம். பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டு எழுந்து போகலாம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கலையா ஆபாசமா என்பதில் அதை எடுத்தவர்களுக்குள்ளேயே அடிதடி. திரைக்கதை எழுதிய கோர் விடால் சண்டை போட்டுக்கொண்டு விலகினார். இயக்குநர் டின்டோ பிராஸை எடிட்டிங்கிலிருந்து வெளியேற்றினார்கள். பணம் போட்ட பெண்ட்ஹவுஸ் பத்திரிகை அதிபர் பாப் குச்சியோனே, தான் தனியாக எடுத்த உடலுறவுக் காட்சிகளை இடையிடையே ஒட்டினார். 2023இல் கான் திரைப்பட விழாவில் காட்டிய வடிவத்தில் அவை கிடையாது. நீங்கள் பார்த்தது அதுதான் என்றால், பழையதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தக் குதிரை! இவ்வளவு படித்த நீங்களும் இப்படி எழுதலாமா? யார் சொன்னது? ரோமப் பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸை எடுத்துப் பாருங்கள். பளிங்குத் தொழுவம் கொடுத்தான், தந்தத்தில் தீவனத் தொட்டி கொடுத்தான் என்கிறார். கான்சல் ஆக்க நினைத்திருந்தான் என்றும் ‘சொல்கிறார்கள்’ என்கிறார். அவ்வளவுதான். ஆக்கினான் என்று அவரே சொல்லவில்லை. அதுவும் அவன் செத்து சுமார் எண்பது வருஷம் கழித்து எழுதியது. இன்னொரு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இவன் ஆட்சியைப் பற்றி எழுதிய பகுதி நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. மிஞ்சிய வம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனைப் பைத்தியம் என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம்.

அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அலெக்சாண்டிரியாவில் தம் மக்களை வெட்டிச் சாய்த்த கொடுமையை முறையிட யூதர்களின் தூதுக்குழு வந்தபோது, மாளிகையில் அறை அறையாக நடந்தபடி, ‘நீங்கள் ஏன் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை?’ என்று கேட்டான். அந்தக் குழுவில் இருந்த யூதத் தத்துவஞானி ஃபைலோ எழுதியது இது. நேரில் பட்ட அவமானம். ஆயிரம் படுக்கையறைக் கதைகளைவிட எனக்கு இதுதான் நடுக்கம் தருகிறது.

சரி, உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் இவனையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது ரோம் நகரத்துக் காபிடோலின் அருங்காட்சியகத்தில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. பெரிய சதுரக் கல். நடுவில் ஆழமாகக் குடைந்த குழி. அவனுடைய அம்மா அக்ரிப்பினாவின் சாம்பல் வைத்த கல் அது.

அவனுக்கு ஏழு வயதில் அப்பா ஜெர்மானிகஸ் அந்தியோக்கியாவில் இறந்தார். பிறகு அப்போதைய பேரரசன் டைபீரியஸ் அம்மாவைப் பாண்டடேரியா தீவுக்கு நாடு கடத்தினான். அங்கே அவள் கண் போகும் அளவுக்கு அடித்தார்கள். பட்டினி கிடந்து 33இல் செத்தாள். மூத்த அண்ணன் நீரோ (பின்னாளில் பேரரசனான நீரோ வேறு) பொன்டியா தீவில் முடிந்தான். இன்னொரு அண்ணன் ட்ரூசஸை அரண்மனையிலேயே அடைத்துப் பட்டினி போட்டார்கள். மெத்தையில் அடைத்திருந்த பஞ்சை மென்று ஒன்பது நாள் உயிரோடு இருந்தானாம். இவை நடந்துகொண்டிருந்தபோது இவன் காப்ரி தீவில், அதே டைபீரியஸோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவனும் போயிருப்பான். படத்தில் டைபீரியஸ் அவனை ஆடச் சொல்லும் காட்சி நினைவிருக்கிறதா? பார்க்க வேண்டிய இடம் அதுதான். நீங்கள் நிர்வாண உடம்புகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

37இல் ஆட்சிக்கு வந்ததும், கடல் கொந்தளிப்பாக இருந்தபோதே அந்தத் தீவுகளுக்குக் கப்பலேறினான். அம்மாவின் சாம்பலையும் அண்ணனின் சாம்பலையும் தன் கையாலேயே கலசத்தில் இட்டு ரோமுக்குக் கொண்டுவந்தான். கூட்டம் நிறைந்த பட்டப்பகலில், முதல் பேரரசன் அகஸ்டஸின் கல்லறையில் சேர்த்தான். அதில் நாடகம் இருந்தது என்கிறார் சூட்டோனியஸ். இருக்கட்டுமே! காப்ரியில் ஆறு வருஷம் அழ முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்த இருபத்து நாலு வயதுப் பையன் ஊரைக் கூட்டித்தான் அழுவான். அம்மாவின் எலும்பைப் பொறுக்கிய கை அப்போது என்ன பாடுபட்டிருக்கும் என்று சூட்டோனியஸும் கேட்கவில்லை, அந்தப் படமும் கேட்கவில்லை. மூன்று மணிநேரம் இருந்தும் அந்தக் கடல் பயணத்துக்கு அதில் இடமில்லை. அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள ஒரே கோபம் இதுதான்.

‘காலிகுலா’ என்பது அவன் பெயரே இல்லை. ரைன் நதிக்கரை முகாமில் குட்டிச் செருப்பு மாட்டிக்கொண்டு திரிந்த குழந்தைக்குப் படைவீரர்கள் வைத்த செல்லப்பெயர். பெரியவனான பிறகு அப்படிக் கூப்பிட்ட ஒரு படைத்தலைவனை அவன் தண்டித்ததாக அவன் காலத்துத் தத்துவஞானி செனெகா எழுதியிருக்கிறார். நாமோ இரண்டாயிரம் வருஷமாக அப்படியேதான் கூப்பிடுகிறோம். நானும்தான்.

அந்தக் கல்லில் ‘எலும்புகள்’ என்று ஆரம்பிக்கிறது எழுத்து. அக்ரிப்பாவின் மகள், அகஸ்டஸின் பேத்தி, ஜெர்மானிகஸின் மனைவி, கயஸ் சீசரின் தாய். அங்கே மட்டும் அவன் கயஸ். இடைக்காலத்தில் யாரோ சாம்பலைக் கொட்டிவிட்டு, அந்தக் குழியைத் தானியம் அளக்கும் மரக்காலாக வைத்துக்கொண்டார்கள். நான் போயிருந்த அன்று அதன் அருகில் யாருமில்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். காலியாக இருந்தது.