சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் நாய் வளர்க்கலாமா?

கேட்டவரின் நிலைமை இது: மகனுக்கு இரண்டரை வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒற்றை மாடி வரிசை வீடு. பின்வேலியைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். கணவர் ஒரு நாய்க்குட்டி கொண்டுவரலாம் என்கிறார். வீட்டுக்குக் காவல், பிள்ளைக்கும் துணை என்பது அவர் கணக்கு. மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரு கம்பத்து நாயும் (நாட்டு நாய்தான்) உண்டு. யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த நாய் எங்கே இருக்கப்போகிறது? வீட்டுக்குள்ளா, கார் நிறுத்தும் போர்ச்சில் சங்கிலியிலா? போர்ச்சில்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம். உள்ளே என்றால் மேலே பேசலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு நாய் வளர்ப்பு என்றால் லயத்து வளர்ப்புதான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பார்த்ததுதான், நினைவுக்கு வரும். லயத்து நாய்க்குச் சொந்தக்காரர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. விடியலில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போகிறவர்கள் பின்னாலேயே பால் வெட்டும் காடு வரை போகும். மத்தியானம் எந்த வீட்டில் மீன் தலை கிடைக்கிறதோ அந்த வீட்டுப் படியில் படுக்கும். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால் எழுந்து அடுத்த லயத்துக்குப் போய்விடும். "நாங்களெல்லாம் நாயோடுதானே வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாய்க்கு எழுந்து போக இடம் இருந்தது.

தாமான் வீட்டு போர்ச்சில் அந்த இடம் இல்லை. முன்னால் கேட், பின்னால் கிரில், பக்கத்தில் கார், கழுத்தில் சங்கிலி. பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளும் அங்கேதான் நிற்கும், பந்தும் அங்கேதான் உருளும். பிடிக்காத ஒன்று பக்கத்தில் வந்தால் நாய் முதலில் செய்யப் பார்ப்பது விலகிப் போவதுதான். அதற்கு வழியில்லை என்றால் மிச்சம் இருப்பது பல். எப்போதும் கட்டியே கிடக்கும் நாய் கடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது நாய்க்கடியைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்லிவருவதும்கூட. காவலுக்கு என்று கட்டிவைக்கிற ஏற்பாடுதான் வீட்டுப் பிள்ளைக்கே ஆபத்தாக முடிகிறது.

என் அப்பா தோட்டத்து கிளினிக்கில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். நாய்க்கடி என்று தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள் என்பார். கடித்தது எங்கிருந்தோ வந்த நாயாக இருக்காது. தினமும் பார்க்கிற நாய், சில சமயம் அவர்கள் வீட்டு நாயேதான். சாப்பிடும்போது தட்டில் கை வைத்தான், தூங்கும்போது மேலே விழுந்தான், குட்டி போட்ட இடத்தில் எட்டிப் பார்த்தாள்... கதை இப்படித்தான் இருக்கும். வெளிநாடுகளில் எடுத்த கணக்குகளும் இதையேதான் சொல்கின்றன. சிறு பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் பழகிய நாய், அதுவும் வீட்டிலேயே. பெரியவர்களுக்குக் காலிலும் கையிலும் படுகிற கடி, இவர்களுக்கு முகத்திலும் தலையிலும் படுகிறது. அவர்கள் உயரம் அப்படி.

"எங்கள் நாய் திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்வார்கள். திடீரென்று கடிப்பது அபூர்வம். அதற்கு முன் நாய் உதட்டை நக்கும், தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும், உடம்பு விறைத்து அப்படியே நிற்கும். அதற்கும் எதிரில் இருப்பவர் விலகவில்லை என்றால் உறுமும். நம் ஊரில் உறுமினால் உடனே விளக்குமாற்றை எடுக்கிறோம். அது பெரிய தப்பு. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிக்கொள்ளும். உறுமினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகருங்கள். அப்புறம் ஏன் உறுமியது என்று யோசியுங்கள்.

இதில் ஒன்றுகூட இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் புரியாது. உங்கள் மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், அந்த வயதில் அன்பு என்பதே கழுத்தைக் கட்டி இறுக்குவதுதான். அதனால் பிள்ளையும் நாயும் ஒரே இடத்தில் இருக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கைப்பேசியைப் பார்க்காமல். "நான் சமையலறையில்தான் இருந்தேன்" என்பது கணக்கில் வராது.

சரி, பகலில் வீட்டில் இருப்பது யார்? நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பதில் மாமியார்தான். அப்படியானால் அவருடைய "வேண்டாம்" வெறும் அபிப்பிராயம் இல்லை. நாய் வளர்ப்பில் பாதி வேலை அவர் தலையில்தான் விழப்போகிறது. அவர் மனதார சம்மதிக்காமல் நாய் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? நீங்கள் காரை எடுத்ததும் நாய் போர்ச்சுக்குப் போய்விடும், சங்கிலியோடு. இந்த விஷயத்தில் உங்கள் கணவரின் ஓட்டைவிட மாமியாரின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி. ஏன் வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். சாமி அறைதான் காரணம் என்றால் வழி உண்டு. எங்கள் வீட்டில் சாமி அறைக்கும் சமையலறைக்கும் நாய் வராது, பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்புக் கதவு ஒன்று போதும். பயம் காரணம் என்றால் அவரை மாற்றப் பார்க்காதீர்கள். பயப்படுகிறவரிடம் பிள்ளையையும் நாயையும் சேர்த்து விட்டுப் போவது மூவருக்குமே நல்லதல்ல.

காவல் விஷயத்துக்கு வருவோம். திருடன், குரங்கு, பாம்பு, இந்த மூன்றுக்காகத்தான் செம்பனை ஓரத்து வீடுகளில் நாய் கேட்கிறார்கள். குரங்குக்கு நாய் நன்றாகவே உதவும், மறுக்கமாட்டேன். திருடனுக்குக் குரைப்பே போதும், கடிக்கிற நாய் தேவையில்லை. பாம்புக்கு நாய் என்பதுதான் எனக்குப் பிடிக்காத யோசனை. தோட்டத்தில் நாகப்பாம்பு எலியைத் தேடி வருகிறது. செம்பனைக்காரர்கள் எலியைப் பிடிக்கிற ஆந்தை தங்குவதற்கென்றே பெட்டி நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாய் நாகத்தோடு மல்லுக்கு நின்றால் பல சமயம் சாவது நாய்தான். சீறித் துப்புகிற வகை கண்ணில் விஷத்தைத் துப்பிவிடும். பின்வேலிப் புல்லை வெட்டி, குப்பையையும் பழைய பலகையையும் அகற்றினால் எலி குறையும், அதோடு பாம்பும் குறையும். இதில் ஒன்று கவனியுங்கள், நாயின் சாப்பாடு இரவு முழுவதும் தட்டில் கிடந்தால் நீங்களே எலியை வரவழைக்கிறீர்கள்.

நோய் பற்றி மாமியார் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் தடுக்க முடிந்தவைதான். குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே வயிற்றுப் புழு வந்துவிடும், அதனால் பிறந்த சில வாரங்களிலேயே புழு மருந்து தொடங்க வேண்டும். நாய் மலத்திலுள்ள உருண்டைப்புழு முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. கொக்கிப்புழு காலில் தோலைத் துளைத்து நுழையக்கூடியது, பிள்ளைக்குச் செருப்பு வேண்டும். உண்ணிக்கும், கொசு மூலம் வரும் இதயப் புழுவுக்கும் மருந்து தவறாமல் கொடுக்க வேண்டும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரலாம். நம் வடிகால்களைப் பார்த்தால் அந்தத் தடுப்பூசியை விடக்கூடாது என்று தெரியும்.

ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) நம் நாட்டில் இல்லை என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு நாய்களிடம் அது திரும்ப வந்தது. சரவாக்கில் 2017ல் பரவத் தொடங்கியபோது முதலில் இறந்தவர்கள் சிறு பிள்ளைகள். அதனால் எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வைப்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஆஸ்துமா பற்றியும் உங்களுக்குக் கேள்வி இருக்கலாம். சுவீடனில் 2015ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிறந்த முதல் ஆண்டில் நாய் இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாக இருந்ததைக் காட்டியது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், அதனால் இதை ஒரு காரணமாக வைக்காதீர்கள். ஏற்கெனவே இழுப்பு இருக்கிற பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் நாயைக் கொண்டுவராதீர்கள்.

இப்போது "குட்டி" என்பதற்கு வருகிறேன். குட்டியும் பிள்ளையும் சேர்ந்தே வளரட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குட்டியின் பால்பல் ஊசி மாதிரி. ஆறேழு மாதத்தில் பல் மாறி முடியும்வரை ஓடுகிற காலையும் ஆடுகிற கையையும் அது கவ்விக்கொண்டேதான் இருக்கும். பிள்ளை கத்திக்கொண்டு ஓடுவான், குட்டி அதை விளையாட்டு என்று துரத்தும். இரவில் அழுகை, தரையெல்லாம் மூத்திரம், பதினாறு வாரம் வரை தவணை தவணையாகத் தடுப்பூசி. அது முடியுமுன் தாமான் சாலையில் நடத்திக்கொண்டு போனால் குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் பயம் வேறு. டயப்பரே இன்னும் முழுசாக விடாத பிள்ளை இருக்கும் வீட்டில் இதையும் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டுமா? தோட்டத்துப் பக்கம் நாலைந்து வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்த குட்டிக்குத்தான் எவ்வளவு அழுத்திக் கவ்வலாம் என்ற அளவு தெரியும்.

என்னைக் கேட்டால், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வளர்ந்து குணம் தெரிந்த, இரண்டு மூன்று வயதுக் கம்பத்து நாய்தான் மேல். வெளிநாடு போகிறவர்களும் பிளாட்டுக்கு மாறுகிறவர்களும் அப்படிப்பட்ட நாய்களுக்கு வீடு தேடிக்கொண்டே இருக்கிறார்கள். தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் பார்த்த அல்சேஷன் ஆசையை வரிசை வீட்டில் தீர்த்துக்கொள்ளாதீர்கள். பிட்புல், அகிதா, தோசா போன்றவற்றை இந்த நாட்டுக்குள் கொண்டுவரவே தடை இருக்கிறது, யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பக்கத்து வீட்டையும் மறக்கவேண்டாம். இடது வீட்டில் மலாய்க் குடும்பம் என்றால் உங்கள் நாய் அவர்கள் வாசலை நக்கிவிட்டு வருவது சாதாரண விஷயம் இல்லை. அவர்கள் மார்க்கப்படி நாய் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். நாய் வருவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள், கேட் எப்போதும் மூடியிருக்கும் என்று வாக்குக் கொடுங்கள், அப்புறம் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நம் பக்கத்துக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம்தான், நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதம் 20,000 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி ஒரு லட்சம் வரை போகும், மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்பது இனி பழைய காலத்து யோசனை.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு என் பதில்: இப்போது வேண்டாம். மகன் பாலர் பள்ளிக்குப் போகிற வயது வரட்டும். "சாப்பிடும்போது தொடாதே" என்றால் கேட்கிற பிள்ளையாகட்டும். அதுவரை நாய் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். நாய் அவனிடம் வரட்டும், அவன் நாயைத் தேடிப் போகவேண்டாம். தலைக்கு மேலே கை நீட்டாமல் மார்புப் பக்கம் தடவச் சொல்லிக்கொடுங்கள். அதே சமயம் உங்கள் கணவர் ஒரு மாதம் தினமும் விடியற்காலையில் எழுந்து அரை மணி நேரம் தாமானைச் சுற்றி நடக்கட்டும், மழைக்காலத்திலும்தான். நாய் வந்தால் அந்த நடை அவருடையது.

மாமியாரும் சம்மதித்து, உள்ளே வைப்பதாகவும் முடிவாகி, உங்களால் அதுவரை காத்திருக்க முடியாது என்றால், நாய் வருவதற்கு முன்பே ஹாலில் ஒரு மூலையைத் தடுப்புக் கதவு போட்டுப் பிரியுங்கள். படுக்கையும் தண்ணீரும் சாப்பாட்டுத் தட்டும் அதற்குள்ளேயே இருக்கட்டும். மகன் அதற்குள் கால் வைக்கக்கூடாது, நாய் உள்ளே போய்விட்டால் யாரும் கூப்பிடவும் கூடாது. தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடிக்கிற பட்டாசுக்கு மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடிய நாய்கள் நிறைய, அந்த இரவுகளில் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்திருங்கள். ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். கால்நடை டாக்டருக்கு ஈப்போ வரை போகவேண்டி வரலாம், அதனால் நாய் வந்த வாரத்திலேயே ஒருமுறை காட்டி, தடுப்பூசி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.