வார்டன் அம்மா பதில்கள்

கேள்வி: அழகாபுரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறோம். எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஒரு தோழி வங்கியில் இருக்கிறாள். சிறிய அறையில் இருந்த அக்கா திருமணமாகிப் போனதும், ஆனி மாதம் அந்த இடத்துக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டு நிறுவனத்துக்காக இரவில் வேலை பார்க்கிறார். வந்த வாரமே, நாங்கள் பிடித்து வைத்திருந்த மாநகராட்சித் தண்ணீரை மொண்டு ஜீன்ஸ் துவைத்துவிட்டார். வாடகைக்கு ஏசி எடுத்து வந்து பகல் முழுவதும் ஓடவிட்டுத் தூங்குகிறார். கரண்ட் பில்லை மட்டும் மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். சாப்பிட்ட தட்டு தொட்டியிலேயே கிடக்கும். நடுநிசியில் ஹாலில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறார். ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டினோம். அதன் கீழே 'சரி' என்று எழுதி வைத்தாரே தவிர, எதுவும் மாறவில்லை. வீட்டு ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது. வெளியே போகச் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: சொல்லலாம், ஆனால் இப்போது வேண்டாம் கண்ணு. தண்ணீர், பணம், தட்டு, சத்தம் எல்லாவற்றையும் ஒரே கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பாதி நிற்காது.

முதலில் அந்தத் தண்ணீர். சேலத்துக்காரர்களுக்கு நல்ல தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர் குழாயில் தினமும் வராது. வருகிற நாளில் குடம், டிரம், குக்கர் வரைக்கும் நிரப்பி வைத்துக்கொள்வோம். துவைக்கவும் குளிக்கவும் போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும், பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிந்துவிடும். இதெல்லாம் நாகர்கோவில் பக்கத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? மூடிபோட்ட டிரம்மும் அதன்மேல் ஒரு சொம்பும் கண்ணில் பட்டிருக்கும், மொண்டிருப்பார். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அஸ்தம்பட்டியில் ஒரு மகளிர் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். அங்கே என்னிடம் வந்த பஞ்சாயத்துகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பழையவர்கள் ஒன்றுசேர்ந்து மாமியார் ஆகிவிடுவார்கள், புதிதாக வருகிறவள் மருமகள். எந்தக் கொடியில் யார் துணி, எந்த அலமாரியில் யார் ஊறுகாய், இரவு கடைசியாக யார் கேஸை மூடுவது எல்லாம் மாமியார்களின் மனத்தில் பத்திரமாக இருக்கும். வாயில் மட்டும் வராது. மருமகள் தவறினால் பெருமூச்சு வரும். போதாததற்கு, 'அந்த அக்கா இருந்தபோது வீடு எப்படி இருந்தது!' என்று காதில் விழும்படி ஒரு பேச்சு. அந்த அக்கா வந்த புதிதில் என்னென்ன செய்தார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஏசி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். இரவு வேலை பார்க்கிறவர் பகலில் ஏசி போட்டுத் தூங்குவது ஆடம்பரம் இல்லை. சேலத்து வெயிலில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பகல் படுத்துப் பார்த்தால் தெரியும். ஆகவே போடாதே என்று சொல்லாதீர்கள், போட்டதற்குக் கொடு என்று சொல்லுங்கள். நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். 500-ஐத் தாண்டினால் இன்னொரு வம்பு இருக்கிறது. தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். ஒரு டன் ஏசி மணிக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 360 முதல் 480 யூனிட். உங்கள் விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாம் சேர்ந்து 200 யூனிட் ஆகியிருந்தால், ஏசி ஒன்றே உங்களை 500-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். மூன்றாகப் பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

எலக்ட்ரிகல் கடையில் சப்மீட்டர் கிடைக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏசிக்குப் போகிற லைனில் மாட்டச் சொல்லுங்கள். மின்வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வருகிற அதே நாளில் அதையும் குறித்து வையுங்கள். மொத்த யூனிட்டில் ஏசியின் யூனிட்டைக் கழித்து, மீதிக்கு எவ்வளவு கட்டணம் வரும் என்று பாருங்கள். மின்வாரிய இணையதளத்தில் யூனிட்டைப் போட்டால் தொகை வந்துவிடும். அந்தத் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். பில்லில் அதற்குமேல் இருப்பது முழுவதும் ஏசிக்காரருடையது. சும்மா யூனிட் கணக்கில் பங்கு போட்டால், அவரால் ஏறிய விலையில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

சத்தம்: அவருக்குப் பேசுவதுதான் வேலை. ஹாலை விட்டுத் தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் பேசட்டும். பதிலுக்கு நீங்களும் விடியற்காலையில் மிக்சியை அலறவிடாதீர்கள், அவர் அப்போதுதான் படுத்திருப்பார். தட்டு: இந்தத் தட்டுச் சண்டையைத் தீர்த்தவர் இன்னும் பிறக்கவில்லை. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு டம்ளர் என்று வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டி வையுங்கள். அடுத்த வேளை பசிக்கும்போது அவரே கழுவுவார்.

அந்த ஃபிரிட்ஜ் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு சீட்டு ஒட்டினால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எழுந்து குளித்த பிறகு, தட்டுவடை செட் வாங்கி வந்து மூன்று பேரும் உட்காருங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்துத் தருவதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். வாய் நிறைய அது இருக்கும்போது யாராலும் கத்த முடியாது, இது அனுபவத்தில் கண்டது. தண்ணீர் வருகிற முறை, டிரம் எதற்கு, ஏசி கணக்கு எப்படி என்பதை அப்போது சொல்லுங்கள். உங்களால் அவருக்கு என்ன தொந்தரவு என்றும் கேளுங்கள். ஏதாவது சொல்லுவார், கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் அடுத்த பில்லுக்குப் பணம் தர மறுத்தால், ஒரு மாத அவகாசம் கொடுத்து வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதில் இழுக்காதீர்கள். அதற்கு முன்னால், அவர் வந்தது வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரியுமா என்று பாருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. ஒப்பந்தம் உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால், யார் பாக்கி வைத்தாலும் வீட்டுக்காரர் உங்களைத்தான் கேட்பார். அடுத்தமுறை ஒப்பந்தம் போடும்போது மூன்று பெயரும் அதில் வரட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறேன். ஊழியர் அறையில் என்னோடு புதிதாக ஒரு அண்ணன் தங்கியிருக்கிறார். குளிர் தாங்காமல் இரவில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியை மூட்டிக் கட்டிலுக்கு அருகில் வைத்து, ஜன்னல் கதவெல்லாம் அடைத்துவிட்டுப் படுக்கிறார். காலையில் எழுந்தால் எனக்குத் தலை கனக்கிறது. வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், ஏற்காடு

பதில்: மேலே அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பொறுமை எதுவும் உங்களுக்கு வேண்டாம் தம்பி. மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிவிட்டது என்று நினைக்கிற நேரத்திலும் அது வந்துகொண்டிருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாது, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம். காலையில் வருகிற அந்தத் தலைவலி அதனால்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு இரவே சட்டியை வெளியே வையுங்கள். 'ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தால் போதும்' என்பார், போதாது. மேலாளரிடம் ஆளுக்கு இரண்டு கம்பளி கேளுங்கள், எதற்கு என்றும் சொல்லுங்கள். எப்போதாவது தலைவலியோடு வாந்தியோ மயக்கமோ வந்தால் இருவரும் உடனே திறந்த வெளிக்கு வந்து 108-ஐ அழையுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால், வார்டன் அம்மா சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.