மாட்ரிடில் ஒரே திங்கட்கிழமை: மூன்று கலைக்கூடங்களும் இலவசமாக

ஒரு திங்கட்கிழமை மட்டும்தான் மாட்ரிடில் இருப்பீர்கள், தீசன், பிராதோ, ரெய்னா சோபியா மூன்றையும் டிக்கெட் வாங்காமல் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், நல்ல கிழமைதான் வாய்த்திருக்கிறது.

தீசனின் நிரந்தரத் தொகுப்பு திங்களன்று பகல் 12 முதல் 4 வரை இலவசம். அங்கே நிதானமாகச் சுற்றுங்கள்.

சிக்கல் மாலையில்தான். இலவச நேரம் பிராதோவில் 6 முதல் 8, ரெய்னா சோபியாவில் 7 முதல் 9; ஒரு மணி நேரம் ஒன்றோடொன்று மோதும். பிராதோ வாசலில் வரிசை நீளும், ஐந்தேகாலுக்கே போய் நின்றுவிடுங்கள். உள்ளே எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். முதலில் வெலாஸ்கெசின் 'லாஸ் மெனினாஸ்', அப்புறம் நேராகக் கோயாவின் கறுப்பு ஓவியங்கள். தன் வீட்டுச் சுவரிலேயே அவர் தீட்டியவை அவை. அதில் நாய் ஓவியத்தை விட்டுவிடாதீர்கள்: படம் முழுக்க மங்கிய மஞ்சள் வெறுமை, கீழே அண்ணாந்து பார்க்கும் ஒரு சின்னத் தலை மட்டும். எனக்கு அந்த அருங்காட்சியகத்திலேயே அதுதான் உயிர். (படம் எடுக்க அனுமதி இல்லை.)

ஏழரைக்குக் கிளம்பினால் பத்து நிமிட நடையில் ரெய்னா சோபியா. அங்கே பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியம் ஒன்றே போதும். கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலம், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நேரங்களை அவரவர் இணையதளத்தில் முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.