டிக்கெட்டில் ஒரு டெர்மினல், வீடியோவில் இன்னொன்று: வாசகர் கேள்வி–பதில்

(சென்னை விமான நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் எழும் குழப்பங்கள் பற்றி வந்த கடிதங்களில் சில. ‘டி’ என்பது டெர்மினல், அதாவது முனையம்.)

என் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறான். டிக்கெட்டில் டி2 என்று இருக்கிறது. யூடியூபில் பார்த்தால், வெளிநாட்டு விமானம் ஏற டி4-க்குப் போகச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவரோ, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவது டி3-இல் என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் ஆண்டு வேறு வேறு.

2023 நடுப்பகுதி வரை வெளிநாட்டுப் பயணிகள் டி4-இல் ஏறினார்கள், டி3-இல் இறங்கினார்கள். உங்கள் உறவினர் கடைசியாகப் பறந்தது அதற்கு முன்னால் இருக்கும். 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் பகுதியைப் பிரதமர் திறந்துவைத்தார். அதுதான் டி2. சில மாதங்களில் வெளிநாட்டு விமானச் சேவை முழுவதும், ஏறுவதும் இறங்குவதும், அங்கே மாறியது. காலியான டி4-ஐ அதே ஆண்டு நவம்பரில் உள்நாட்டு முனையமாக்கினார்கள். பழைய டி3-ஐ இடித்துவிட்டு அந்த இடத்தில் டி2-இன் இரண்டாம் பகுதியைக் கட்டுவது திட்டம்.

ஆக, இன்றைய கணக்கு: டி1, டி4 உள்நாட்டுக்கு. டி2 வெளிநாட்டுக்கு. டி3 என்று யாராவது வழி சொன்னால் அது பழைய தகவல். மகனை டி2-க்கே போகச் சொல்லுங்கள். புறப்பாடு மேல்தளத்தில், வருகை கீழ்த்தளத்தில்.

இந்தக் குழப்பம் ஏன் ஓயவில்லை என்றால், விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது வாடகை வீட்டுக்குப் போவதுபோல விமான நிலையம் வேறு இடத்துக்குப் போக முடியாது. பாதியைக் கட்டி, ஆட்களை அங்கே மாற்றி, காலியானதை இடித்து, மறுபாதியைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் பெயர்ப்பலகை, சாலை, டாக்சி நிற்கும் இடம் எல்லாம் நகரும். எடுத்த வீடியோ மட்டும் நகராது. வீடியோ பார்ப்பதானால் வெளியான தேதியை முதலில் பாருங்கள்.

எனக்கு டிக்கெட்டில் டி4 என்று இருந்தது, நண்பருக்கு அதே ஊருக்கு டி1. இரண்டும் உள்நாடு என்றால் எதில் இறங்கினால் என்ன? உள்ளே நடந்துவிடலாமே?
– வாசகர், விழுப்புரம்

முடியாது. டி1-உம் டி4-உம் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம் அல்ல, வரிசையின் இரண்டு முனைகள். நடுவில் டி2, வேலை நடக்கும் இடம், மெட்ரோ நிலையம் எல்லாம் இருக்கின்றன. பெட்டியோடு நடந்தால் நிதானமாகப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையோ முதியவரோ உடனிருந்தால் இன்னும் கூடும். முனையங்களுக்கு இடையே பேட்டரி கார் ஓடுகிறது என்றாலும், அது வரும் நேரத்தை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

தவறான முனையத்தில் இறங்கினால் வாசலிலேயே தெரிந்துவிடும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். டாக்சிக்காரரிடம் ‘டொமஸ்டிக்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘டி1’ அல்லது ‘டி4’ என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னால் எடுத்த டிக்கெட் என்றால், முதல் நாள் இரவு விமான நிறுவனத்தின் செயலியில் முனைய எண்ணை மறுபடி பாருங்கள். அச்செடுத்து வைத்த தாள் தானாகத் திருந்தாது.

காலை 7 மணிக்கு உள்நாட்டு விமானம். வேலை நடக்கும்போது எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்? இரண்டு மணி நேரம் போதுமா?
– வாசகர், காஞ்சிபுரம்

7 மணியிலிருந்து கணக்குப் போடாதீர்கள், 6 மணியிலிருந்து போடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டு விமானத்துக்குப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடும். வெளிநாட்டுக்கு 60 முதல் 75 நிமிடம். ஏறும் வாயில் பொதுவாக 25 நிமிடம் முன்னால் மூடப்படும். எனவே உங்கள் பெட்டி 6 மணிக்குள் கவுன்ட்டரில் ஏறியிருக்க வேண்டும், நீங்கள் 6.35-க்குள் வாயிலில் இருக்க வேண்டும்.

கட்டுமான நேரத்தில் தாமதம் பெரும்பாலும் கட்டடத்துக்கு உள்ளே வருவதில்லை. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில், மேம்பாலத்தில் கார்கள் இரட்டை வரிசையாக நிற்கும் இடத்தில், திறந்திருக்கும் ஓரிரு நுழைவாயில்களின் முன்னால்தான் நேரம் போகும். அதனால் முனைய வாசலில் 4.30-க்கு நிற்பதுபோல் கிளம்புங்கள். வெளிநாடு என்றால் மூன்றரை மணி நேரம் முன்பாக.

வீட்டிலேயே வெப் செக்-இன் செய்துவிட்டால் 60 நிமிட விதி பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். கைப்பெட்டி மட்டும் என்றால் ஓரளவு சரி. பெட்டி போட வேண்டும் என்றால் அதே 60 நிமிடம்தான். முகத்தை வைத்து அடையாளம் காணும் டிஜியாத்ரா செயலி வைத்திருப்பவர்களுக்கு நுழைவாயிலில் தனி வரிசை கிடைக்கும். அது உள்நாட்டுப் பயணத்துக்குத்தான், ஆதாரோ வேறு அசல் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும்.

போர்டிங் பாஸில் அச்சான கேட் எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து விமான விவரம் காட்டும் திரை தெரிகிறதா என்று பார்த்து உட்காருங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. நடப்பார், ஆனால் படி ஏற முடியாது. சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிரமம் இருக்குமா?
– வாசகி, மன்னார்குடி

நல்லவேளையாக இந்த விவரத்தை எழுதினீர்கள். ‘சக்கர நாற்காலி’ என்று பதிவு செய்தால் மட்டும் போதாது, எந்த வகை என்பது முக்கியம். விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகள் வைத்திருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால், தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் தன் இருக்கைக்கு நடந்துபோவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை தூக்கிச் சென்று அமர்த்த வேண்டும்.

இணையத்தில் பதிவு செய்யும்போது பலரும் பட்டியலில் முதலில் இருக்கும் ‘ஆர்’-ஐத் தேர்ந்துவிடுகிறார்கள். சாதாரண நாளில் பிரச்சினை தெரியாது. ஏரோபிரிட்ஜ், அதாவது முனையத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் நடைபாதை, வழியாகச் சமதளத்தில் உள்ளே போய்விடலாம். வேலை நடக்கும் காலத்தில் ஏரோபிரிட்ஜ் இல்லாத நிறுத்தத்தில் விமானம் நின்றால், பேருந்தில் போய்ப் படி ஏற வேண்டும். ‘ஆர்’ என்று இருந்தால், ஊழியர் படிக்கட்டின் அடியில் நாற்காலியை நிறுத்திவிட்டு ‘ஏறுங்கம்மா’ என்பார். அவர்மீது தவறில்லை, அவர் தாளில் அப்படித்தான் இருக்கும். ‘எஸ்’ என்று இருந்தால் ஆம்புலிஃப்ட், அதாவது பயணியை விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் வண்டி, ஏற்பாடு செய்வார்கள். உங்கள் அம்மாவுக்கு ‘எஸ்’தான் பொருந்தும். இன்றே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி மாற்றுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. முனையத்தில் கவுன்ட்டர் ஊழியரிடமும் ‘ஸ்டெப்ஸ் ஏற முடியாது’ என்று வாயால் ஒருமுறை சொல்லுங்கள்.

நாற்காலி கார் கதவுக்கே வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் அம்மாவோடு நுழைவாயில் அருகே நிற்க, இன்னொருவர் வாயில் பக்கத்தில் உள்ள விமான நிறுவன மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இறங்கும் ஊரில் நாற்காலிப் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள், பதற வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். மருந்தும் கண்ணாடியும் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்கட்டும்.

மதுரையிலிருந்து வருகிறோம். பேருந்து கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து விமான நிலையத்துக்கு எப்படிப் போவது?
– வாசகர், திருமங்கலம்

கிளாம்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போகும் மாநகரப் பேருந்துகள் உண்டு. ஆனால் பெட்டி கனமாக இருந்தால் நமது பரிந்துரை ரயில். வைகை, பாண்டியன் போன்ற மதுரை ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வீண். தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை செல்லும் மின்ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவதாகத் திரிசூலம். அங்கே சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தால் விமான நிலைய வளாகம். படி இறங்கி ஏற வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் என்றால் தாம்பரத்திலேயே டாக்சி பிடித்துவிடுங்கள்.

நகருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மெட்ரோ நல்லது, நிலையம் முனையங்களுக்கு எதிரிலேயே இருக்கிறது. நீல வழித்தடம் நேராக வரும். பச்சை வழித்தடத்தில் கோயம்பேடு பக்கமிருந்து வந்தால் ஆலந்தூரில் மாற வேண்டும். மெட்ரோ காலை 5 முதல் இரவு 11 வரைதான். வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிப் புறப்படும். அவற்றுக்கு இரவு 9, 10 மணிக்கே மெட்ரோவில் வந்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து கோலாலம்பூர். தனித்தனி டிக்கெட். இடையில் 3 மணி நேரம். போதுமா?
– வாசகர், புதுக்கோட்டை

போதாது. ஒரே பி.என்.ஆர்., அதாவது இரண்டு விமானத்துக்கும் ஒரே பதிவு எண் என்றால், திருச்சியிலேயே பெட்டிக்குக் கோலாலம்பூர் வரை அட்டை கட்டித் தருகிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டும் இல்லை. டி1 அல்லது டி4-இல் இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, வெளியே வந்து, டி2 மேல்தளத்துக்குப் போய், கவுன்ட்டர் மூடுவதற்குள் வரிசையில் நின்று, பிறகு குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை. கவுன்ட்டர் 75 நிமிடம் முன்னால் மூடினால் உங்கள் 3 மணி நேரத்தில் மிஞ்சுவது 1 மணி 45 நிமிடம். அதில் முதல் விமானம் அரை மணி தாமதம் என்றாலே கதை முடிந்தது. குறைந்தது 5 மணி நேரம் வையுங்கள். திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கும்போது சென்னைக்கு ஏன் சுற்றுகிறீர்கள் என்பதும் எங்களுக்குப் புரியவில்லை. விலை வித்தியாசத்தைப் பெட்டிக் கட்டணத்தோடு சேர்த்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சென்னையில் பெட்டியை எடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் சுங்கச் சோதனை. டூட்டி ஃப்ரீயில் மது வாங்கியிருந்தால், உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டி போடும்போது அதற்குள் வைத்துவிடுங்கள். கையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் தங்கிவிடும்.

சாலை மாற்றத்தால் நெரிசலில் சிக்கி விமானத்தைத் தவறவிட்டேன். ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று ஒரு ரூபாய்கூடத் தர மறுக்கிறார்கள். வழி உண்டா?
– வாசகர், வேலூர்

டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் வராது. நெரிசல் விமான நிறுவனத்தின் தவறல்ல. ஆனால் ஒரு ரூபாய்கூட இல்லை என்பது சரியல்ல. பயணியே வராமல் போனாலும், சட்டபூர்வ வரிகளையும், பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போல விமான நிலையத்துக்காக வசூலித்ததையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி. நீங்கள் விமான நிலையத்தைப் பயன்படுத்தவே இல்லையே. டிக்கெட் ரசீதில் கட்டணப் பிரிப்பைப் பாருங்கள். பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் யு.டி.எஃப். என்ற பெயரில் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தத் தொகையைக் குறிப்பிட்டு, பி.என்.ஆர். எண்ணோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

இனி இப்படிச் சிக்கினால், கவுன்ட்டர் மூடுவதற்கு முன்பே, காரில் இருந்தபடியே, செயலியில் தேதி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு வரை இது திறந்திருக்கும். போக–வர ஒரே டிக்கெட் என்றால் உடனே தொலைபேசியில் பேசுங்கள். போகும் பயணத்தில் வராவிட்டால் திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடும் நிறுவனங்கள் உண்டு.

துபாயிலிருந்து வரும் மருமகனை அழைக்கப் போக வேண்டும். டாக்சியா, சொந்தக் காரா? எங்கே நிற்பது?
– வாசகர், செங்கல்பட்டு

சொந்தக் கார் என்றால் அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்கு நேராகப் போய்விடுங்கள். 2022 டிசம்பரில் திறந்தது, ஆறு தளம், சுமார் 2,150 வண்டி கொள்ளும். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கட்டடம், நடுவில் கடைகளும் திரையரங்கும். இதனால்தான் தொலைபேசியில் ‘பார்க்கிங்கில் நிற்கிறேன்’ என்பதற்கு அங்கே பொருளே இல்லை. கிழக்கா மேற்கா, எத்தனையாவது தளம், தூண் எண் என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். வண்டி நின்றதும் தூண் எண்ணைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பிவிட்டால் பேச்சே வேண்டாம். செயலி டாக்சிகளில் ஏறுவதும் இந்த நிறுத்தக் கட்டடத்தில்தான், முனைய வாசலில் அல்ல.

கட்டணம் உள்ளே நுழைந்த நொடியிலிருந்து ஓடும். விமானம் தரையிறங்கிய பிறகும் குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். செங்கல்பட்டிலிருந்து வரும் நீங்கள் குரோம்பேட்டையில் ஒரு காபி குடித்துவிட்டு, ‘பெட்டி வந்துவிட்டது மாமா’ என்று செய்தி வந்ததும் கிளம்பினால் சரியாக இருக்கும்.

டெல்லியில் மாறிக் கனடா போகிறேன். அங்கேயும் வேலை நடந்ததாமே?
– வாசகி, திருவாரூர்

நடந்தது. 1986-இல் கட்டிய டி2-ஐ 2025 ஏப்ரலில் மூடிச் சீரமைத்து, அக்டோபர் கடைசியில் திறந்தார்கள். டி2-உம் டி3-உம் பக்கத்தில், நடக்கலாம். டி1 தனியாக, சில கிலோமீட்டர் தள்ளி. வெளிநாட்டு விமானம் டி3-இலிருந்து. சென்னையிலிருந்து போகும் விமானம் டி1-இல் இறங்கினால் முனையங்களை இணைக்கும் பேருந்திலோ டாக்சியிலோதான் டி3-க்குப் போக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே டி3-இல் இறங்கும் விமானமாகத் தேடுங்கள். டி3 வாசலில் காட்டுவதற்குக் கனடா டிக்கெட்டின் தாள் பிரதி ஒன்று கைப்பையில் இருக்கட்டும், இறங்கியதும் சிலசமயம் போனில் சிக்னல் கிடைக்காது.